கஜா குரைக்கவில்லை

செபமாலையின் ஹாரன் தெருமுனையில் கேட்டது. தைலமரக் காட்டை ஒட்டிய மண்பாதையில் வண்டி ஏறி வந்து, கேட்டுக்கு முன்னால் நின்று, இன்ஜினும் அணைந்துவிட்டது. கஜா வரவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் ஜெகதாப்பட்டினத்தில் மீன் எடுத்து, பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்கு வருகிறவன் செபமாலை. அவன் வண்டியில் வரும் மீன் வாடை காற்றில் தட்டினாலே போதும், கஜா கேட்டின் மேல் முன்னங்கால்களைப் போட்டுக்கொண்டு, அவன் ஒரு சூடை மீனைத் தூக்கி வீசும்வரை ஊரைக் கூட்டிவிடும். இன்றைக்கு அவன் கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டு, பழக்கத்தில் எடுத்த மீனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"எங்கக்கா நம்மாளு? ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப அமைதியாயிருச்சு. அம்புட்டுதான்" என்றாள் சிவரஞ்சனி.

"குடுத்து வச்சவுகக்கா நீங்க. எங்க வீட்டு நாயி ராவும் பகலும் கத்தி உசுர வாங்குது."

அவன் கொடுத்துவிட்டுப் போன அந்த மீனை வைத்துக்கொண்டு அவள் வாசலிலேயே நின்றாள். மாத்திரையை நிறுத்தி இருபத்திரண்டு நாள் ஆகிறது. பாதி மாத்திரை கொடுத்தால் மறுநாள் காலையில் தெளிந்துவிடும் என்பது அவளுக்கு அனுபவத்தில் தெரியும். இருபத்திரண்டு நாள் எந்தக் கணக்கிலும் அதிகம்.

கஜா என்பது சும்மா வைத்த பெயரில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் கணவன் வெற்றிசெல்வன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தபோது கறம்பக்குடியில் ஒரு சிநேகிதனிடம் வாங்கி வந்த லாப்ரடார் குட்டி. வந்த ஒரே வாரத்தில் தண்ணீர்க் கேன், பூந்தொட்டி, மாமனாரின் மூக்குக் கண்ணாடி என்று எதையும் நிற்கவிடாமல் சாய்த்தது. மாமனார் மலையாண்டி கஜா புயலில் நாற்பது தென்னையைப் பறிகொடுத்தவர். "இது நாயில்லத்தா, கஜா. மிச்சம் மீதியையும் சாய்க்க வந்திருக்கு" என்று சிரித்தார். அவளும்தான் சிரித்தாள்.

அடுத்த வருஷம் சாய்ந்தது அவரே. பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் கோணி, பேச்சு குழறி, அவர் சொல்வது அவளுக்கு ஒரு வார்த்தை விளங்காது. வலது கையில் ஒரு செம்பு மோதிரம் போட்டிருந்தார். எது வேண்டுமானாலும் அதை இரும்புக் கட்டிலில் தட்டுவார். அந்த மெல்லிய சத்தம் அடுப்படிவரை வராது. ஆனால் கட்டிலடியில் கிடக்கும் கஜாவுக்குக் கேட்கும். அது எழுந்து வந்து அவள் எங்கிருந்தாலும் கண்டுபிடித்து, அவள் அறைக்கு வரும்வரை குரைக்கும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே படித்துக்கொண்டது. தண்ணீருக்கு, மின்விசிறிக்கு, திரும்பிப் படுக்க, சில நேரம் அவள் வீட்டில்தான் இருக்கிறாளா என்று தெரிந்துகொள்வதற்கு. ஒரு நாளைக்கு முப்பது தடவை. ராத்திரியில் தனிக் கணக்கு.

சிவரஞ்சனி கெட்டவள் இல்லை. இதை அவளே ஒரு நாளைக்குப் பத்து தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாள், அதுதான் கொஞ்சம் இடித்தது. துணைக்கு ஆளில்லாத வீடு. ஒரு வருஷமாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. மாமனாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த தூக்க மாத்திரை அலமாரியில் இருந்தது. மனுஷனுக்குக் கூடுதலாகக் கொடுக்கப் பயம். நாய்க்குக் கொடுத்தால் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள். பாதியாக உடைத்து வாழைப்பழத்துக்குள் வைத்து நீட்டினாள். கஜா வாலை ஆட்டிக்கொண்டு ஒரே வாயில் விழுங்கிவிட்டு, இன்னும் இருக்கிறதா என்று அவள் கையை நக்கியது.

அன்று மத்தியானம் அவள் மூன்று மணி நேரம் தூங்கினாள். எழுந்தபோது சந்தோஷத்தில் அழுதாள். அதற்குப் பிறகு அது தினப்படி ஆகிவிட்டது.

வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். லாப்ரடாரா இது, இவ்வளவு சாதுவாகக் கிடக்கிறதே, என்ன வளர்ப்பு என்றார்கள். "அதோட கொணமே அப்புடித்தான்" என்று அவள் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய் வாய்க்கு நன்றாகப் பழகிவிட்டது.

மாமனார் போனது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். தூக்கத்தில் போய்விட்டார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அவர் தூங்கவில்லை. அவர் தட்டினார். வெக்கைக்கு வீட்டின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. அடுத்த அறையில் தரையில் பாயை விரித்துப் படுத்திருந்தவளுக்கு அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டது. டிங். டிங். கொஞ்சம் விட்டு, மறுபடியும். கஜா குரைக்கவில்லையே, அப்படியொன்றும் அவசரம் இருக்காது என்று கண்ணை மூடியபடியே நினைத்தாள். கஜா ஏன் குரைக்கவில்லை என்று இந்த உலகத்திலேயே தெரிந்த ஒருத்தி அவள்தான், அவளே அப்படி நினைத்தாள். அரை மணி நேரம் கழித்துச் சத்தம் நின்றது. அப்பாடா என்றுகூட இருந்தது.

பிறகு எழுந்து போய்ப் பார்த்தபோது கஞ்சி புரையேறி, உடம்பு பாதி கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நாய் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"நாய் குரைக்கலையா ரஞ்சனி?" போனில் வெற்றிசெல்வன் கேட்ட முதல் கேள்வி அது. கம்பெனியில் லீவு கிடைக்காமல் அங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

"இல்லைங்க. அது இப்பல்லாம் தூங்குமூஞ்சியாயிருச்சு."

நாத்தனார் கண்ணாத்தாள் கறம்பக்குடியிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக நாயைப் பார்த்துக் கத்தினாள். "தின்ட சோத்துக்கு ஒரு தடவ கொரைச்சிருக்கக் கூடாதா நீயி? எங்கப்பா வாயத் தொறக்க முடியாமக் கெடந்தாரே!" விளக்குமாற்றால் இரண்டு அடியும் கொடுத்தாள். கஜா அடியை வாங்கிக்கொண்டு படுத்திருந்தது. சிவரஞ்சனி தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எட்டாம் நாள் எட்டு கும்பிட்டார்கள். இறந்தவர் கிடந்த அறையில் விளக்கேற்றி, அவருக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து அழுவது அந்தப் பக்கத்து வழக்கம். வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போகும்வரை உயிருள்ள எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

"நாய் எங்க ரஞ்சனி? அங்கிட்டு உள்ளகிள்ள கெடக்கப் போகுது. போறவுகளுக்குக் குறுக்க உசுரு எதுவும் நிக்கக் கூடாது, பாத்துக்க" என்றாள் கண்ணாத்தாள்.

"கொல்லையில கெடக்கு மதினி. இப்பத்தான் பாத்துட்டு வாரேன்."

அவள் பார்க்கவில்லை. உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது தொந்தரவாக இருக்கக் கூடாதென்று காலையிலேயே அட்டையில் மிச்சமிருந்த கடைசி மாத்திரையைக் கொடுத்திருந்தாள். அது எங்கேயாவது சுருண்டு கிடக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தார்கள். சாம்பிராணிப் புகையும் கறிக்குழம்பு வாசமும் கலந்து முகத்தில் வந்து மோதின. இலையில் ஒரு பணியாரம் பாதி கடிபட்டுக் கிடந்தது. சோற்றில் வலது ஓரம் மட்டும் குழிந்திருந்தது. "வந்துட்டாரு! எங்கப்பா வந்து சாப்புட்டுட்டாரு!" என்று கண்ணாத்தாள் சிவரஞ்சனியைக் கட்டிக்கொண்டு அழுதாள். எட்டு நாளில் முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

எல்லாரும் காப்பிக்கு நகர்ந்த பிறகு விளக்கை எடுக்க உள்ளே போன சிவரஞ்சனி, கட்டிலடியில் வால் நுனியைப் பார்த்தாள்.

குனிந்து பார்த்தாள். கஜா விழித்திருந்தது. நாய்தான் தின்றிருக்கிறது, அப்பாடா என்று அதன் வாயை விரித்து முகர்ந்தாள். குழம்பு வாடை இல்லை. மூக்கில், மீசையில் ஒரு பருக்கை இல்லை. பணியாரத்தைப் பாதியில் வைக்கிற லாப்ரடாரை அவள் பார்த்ததும் இல்லை, கேள்விப்பட்டதும் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாய் ஏன் இப்படிக் கிடக்கிறது என்ற பேச்சு வரும்.

அன்றோடு மாத்திரை தீர்ந்தது. இனி அது எழுந்து பழையபடி எல்லாவற்றையும் சாய்க்கட்டும், விடிய விடியக் குரைக்கட்டும், தான் செய்த பாவத்தில் அது ஒன்றாவது கரையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். கஜா எழுந்திருக்கவில்லை. கட்டிலடியிலேயே கிடந்தது. குக்கர் விசிலுக்குக் காது நிமிரவில்லை. வேலியோரம் மயில் வந்து அகவினாலும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அறைக்குள் நுழைந்தால் கண்கள் மட்டும் அவள் பின்னாலேயே நகர்ந்தன, அவள் வெளியே போகும்வரை.

செபமாலை வந்துபோன மறுநாள் புதுக்கோட்டையிலிருந்து கால்நடை டாக்டர் பிரவீன்குமாரை வரவழைத்தாள். இளம்வயது டாக்டர். காதைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், கால்களை மடக்கி நீட்டினார், இமையை விரித்து டார்ச் அடித்தார்.

"நோயின்னு ஒண்ணும் தெரியலங்கம்மா. இந்த ஜாதியில சிலது இப்படித்தான், எனர்ஜி கம்மியா சாதுவா இருக்கும். நீங்க ஏதாவது மருந்து மாத்திரை குடுத்தீங்களா?"

"இல்லைங்க சார்."

"அப்பச் சரி." அவர் எழுந்தார். பிறகு நினைவு வந்தவராக இன்னொரு தடவை குனிந்து பார்த்தார். "தூங்குதுன்னு நெனைக்காதீங்க. நல்லா முழிச்சுதான் இருக்கு. நாம பேசுறத அம்புட்டு உன்னிப்பாக் கேக்குது, பாருங்க."

அன்று சாயங்காலம் தட்டிலிருந்த சோறு அப்படியே காய்ந்து கிடந்தது. சிவரஞ்சனி கஞ்சி காய்ச்சினாள். தலையைத் தூக்கி மடியில் வைத்து, கரண்டியால் வாயில் ஊற்றினாள். ஊற்றிய கஞ்சியெல்லாம் இடது கடைவாய் வழியாக வழிந்து அவள் சேலையை நனைத்தது. மூன்று கரண்டி வீணானதும், அவளை அறியாமல், பதினான்கு மாதப் பழக்கத்தில் கை தானாக வலது பக்கம் போய் ஊற்றியது.

கஜா விழுங்கியது.

எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் அது வாயைத் திறந்து அடுத்த கரண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஓடவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. யாரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? கவனிக்கத் தொடங்கினாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். புண் வந்துவிடக் கூடாதென்று பவுடர் போட்டாள். மாமனாருக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்ததையெல்லாம் இதற்குச் சுளிக்காமல் செய்தாள். அப்படிச் செய்யும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ கொஞ்சம் இளகியது. அறையில் நாய் வாடை குறைந்து, டெட்டாலும் விபூதியும் கலந்த பழைய வாடை திரும்பி வந்திருந்தது. விபூதியை அவள் அந்த அறைக்குள் எடுத்துப் போகவே இல்லை.

மூச்சும் மாறியது. இழுத்து, நடுவில் ஒரு கணம் தடுக்கி, சன்னமான விசிலோடு விடுகிற மூச்சு. அடுப்படியில் நின்றாலும் கேட்டது. கொல்லையில் துணி காயப்போடும்போதும் கேட்டது.

ஒரு நாள் மத்தியானம் குளித்துவிட்டு வந்தபோது கஜா கட்டிலின் மேல் இருந்தது. ஒரு மாதமாக நாலடி நடக்காத நாய். தலையணையில் தலையை வைத்து, இடது பக்கக் கால்கள் துவண்டு கிடக்க, வலது முன்னங்கால் கட்டில் சட்டத்தின் மேல் இருந்தது.

சிவரஞ்சனி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். பயத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது.

"மாமா" என்றாள்.

நாய் கண்களை மூடிக்கொண்டது. கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போது அவர் அப்படித்தான் மூடுவார்.

"மன்னிச்சிருங்க மாமா. நான் வேணும்ன்டு செய்யல. தூக்கம் மாமா... ஒரே ஒரு தூக்கத்துக்குத்தான்."

விசில் மூச்சு. வேறொன்றுமில்லை. அது குரைத்திருந்தால், பல்லைக் காட்டியிருந்தால், மேலே பாய்ந்து கடித்திருந்தாலும் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெற்றிசெல்வன் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து காரில் வந்து இறங்கினான். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதான். முகத்தைக் கழுவிவிட்டு, "கஜா எங்க?" என்றான்.

"உள்ள... கட்டில்ல. மாமா போனதிலருந்து அப்புடியே கெடக்கு."

"பாவம். அதுக்கும் துக்கம்தானே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான்.

அவள் அடுப்படிக்கு வந்தாள். நாட்டுக்கோழிக் குழம்பு தயாராக இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று விடியும்போதே முடிவு செய்திருந்தாள். அவனிடம் சொல்லாமல் இந்த வீட்டில் இன்னொரு நாள் இருக்க முடியாது. அடிக்கட்டும், அம்மா வீட்டுக்கு அனுப்பட்டும், கண்ணாத்தாளிடம் சொல்லி ஊர் முழுக்கக் காறித் துப்ப வைக்கட்டும். அவன் சாப்பிட்டு முடித்ததும் சொல்ல வேண்டும். இலையைக் கழுவிக்கொண்டே உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். 'என்னங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாய்க்கு நான்தான் மாத்திரை குடுத்தேன். பாதி மாத்திரை.'

'பாதி' என்ற இடத்தில் வந்து நின்றாள்.

பாதி இல்லை. அந்த வியாழக்கிழமை மட்டும் அவள் முழு மாத்திரை கொடுத்திருந்தாள். புதன்கிழமை ராத்திரி பாதி மாத்திரையையும் மீறி நாய் விடிய விடியக் குரைத்துத் தூங்கவிடாமல் படுத்திய கோபம். பாதி கொடுத்த நாளில் உயிர் போகிற அவசரத்துக்குத் தட்டினால் நாய் எப்படியும் தலையைத் தூக்கும், ஒரு குரலாவது கொடுக்கும். முழுசில் தூக்காது. அது தெரிந்துதான் கொடுத்தாள். இதை அவள் தனக்குள்கூட இதுவரை சொல்லிக்கொண்டதில்லை.

பாதி என்றே சொல்லிவிடலாம். மிச்சத்தையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் பாதி என்று சொல்லிவிடலாம். அதற்கு இந்த உலகத்தில் யார் சாட்சி இருக்கிறார்கள்?

கரண்ட் போயிற்று. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. வீடு முழுக்க அமைதி.

உள்ளே பேச்சுக் குரல்.

நாயைக் கொஞ்சுகிறான் என்று நினைத்தாள். காதைக் கொடுத்துக் கேட்டாள். கொஞ்சல் இல்லை. ஒன்றிரண்டு வார்த்தை. பிறகு நெடுநேரம் மௌனம். பிறகு "ம்." மறுபடி மௌனம். "ம்... ம்."

தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கூடம். தூண். கதவு பாதி திறந்திருந்தது.

வெற்றிசெல்வன் கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தான். முதுகு அவள் பக்கம். குனிந்து, வலது காதை நாயின் வாயோடு ஒட்டி வைத்திருந்தான்.

"அழாதீங்க" என்றான். "மெதுவா. எனக்கு வெளங்குது. சொல்லுங்க."

சிவரஞ்சனி நிலைக்கு வெளியிலேயே நின்றாள்.

நாயின் வாய் அசைந்தது. வலது ஓரம் மட்டும். இடது ஓரத்தில் எச்சில் வழிந்து தலையணையில் ஊறிக்கொண்டிருந்தது. குரைப்பு இல்லை. முனகல் இல்லை. அவளுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. எப்போதுமே அவளுக்கு விளங்கியதில்லை.

வெற்றிசெல்வனின் தோள் இறுகியது.

பிறகு கேட்டான். மெல்ல. ஒரு பிள்ளை அப்பாவிடம் கேட்கிற குரலில்.

"அன்னைக்கு எம்புட்டு குடுத்தா? பாதியா, முழுசா?"

நாயின் கண்கள் அவன் தலைக்கு மேலாக உயர்ந்து, கதவருகில் நின்ற சிவரஞ்சனியின் முகத்தில் வந்து நின்றன. அமைதியான கண்கள். அவசரமே இல்லை.

வலது ஓரம் திறந்தது. மூடியது. திறந்தது. வெற்றிசெல்வன் கேட்டுக்கொண்டு, மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.